துர்க்மெனிஸ்தான்: பள்ளத்துக்கு ஓர் இரவு, மெர்வுக்கு ஒரு முழு நாள்

"அக்டோபரில் உஸ்பெகிஸ்தான் போகிறோம், அப்படியே துர்க்மெனிஸ்தானில் ஐந்து நாள் சுற்றி எரிவாயுப் பள்ளத்தையும் பட்டுப்பாதை ஊர்களையும் நாங்களே பார்த்துவிட முடியுமா? இருவரும் சைவம்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம், ஆனால் அந்த 'நாங்களே' நடக்காது. சுற்றுலா விசாவுக்கு அந்நாட்டு டிராவல் ஏஜென்சி மூலம் அழைப்புக் கடிதம் வாங்க வேண்டும், கைடும் வண்டியும் அவர்களுடையதுதான். கடிதம் வர வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் காரணமே சொல்லாமல் மறுத்தும் விடுவார்கள், இப்போதே ஆரம்பியுங்கள். அப்புறம், பலர் கோட்டைவிடுவது இது: நீங்கள் திரும்பவும் உஸ்பெகிஸ்தானுக்குள் வருவதால் உஸ்பெகிஸ்தான் இ-விசாவை இருமுறை நுழையும் வகையில் எடுங்கள்.

வழி இப்படி: உஸ்பெகிஸ்தானின் கீவாவிலிருந்து எல்லை தாண்டி கோனே-உர்கெஞ்ச், நீங்கள் கேட்ட எரிவாயுப் பள்ளம் இருக்கும் தர்வாசா, தலைநகர் அஷ்காபாத், பழைய பட்டுப்பாதை நகரமான மெர்வ், கடைசியில் ஃபராப் எல்லை வழியாக உஸ்பெகிஸ்தானின் புகாரா. போன வழியே திரும்ப வேண்டியதில்லை. தர்வாசா சாலை குண்டும் குழியும்தான், இடுப்பு கழன்றுவிடும். சுமார் 70 மீட்டர் அகலப் பள்ளத்தில் தீயும் முன்போல இல்லை, வெகுவாகத் தணிந்துவிட்டது. ஓர் இரவு கூடாரத்தில் தங்கிப் பாருங்கள், போதும். பாலைவனம்தானே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள், இரவில் நடுங்கும்.

மிச்சமாகும் நேரத்தை மெர்வுக்குக் கொடுங்கள். கரகும் பாலைவனத்தில் முர்காப் ஆற்றை நம்பி எழுந்த வணிக நகரம். இங்கே பழைய ஊரை இடித்து அதன் மேலேயே கட்டாமல், பக்கத்து மனையில் வீடு கட்டுவதுபோல ஒவ்வொரு காலத்திலும் அருகிலேயே புது ஊர் எழுப்பியிருக்கிறார்கள். அதனால் பாரசீகர் கால எர்க் கலா கோட்டையில் ஏறி, புத்த ஸ்தூபியின் மிச்சம் கிடக்கும் கியாவுர் கலாவைத் தாண்டி, செல்ஜுக் என்ற துருக்கிய வம்சத்தார் கால சுல்தான் கலாவரை நடந்தால் ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு மேல் கடந்திருப்பீர்கள். 1221-ல் மங்கோலியர் அழித்த ஊரில் செல்ஜுக் மன்னர் சுல்தான் சஞ்சரின் கல்லறை மாடம் இன்னும் நிற்கிறது. கைடு இரண்டு மணி நேரத்தில் முடிக்கப் பார்ப்பார், முழு நாள் வேண்டுமென்று முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

கார்டை நம்ப வேண்டாம், கசங்காத புது டாலர் நோட்டுகள் கொண்டுபோங்கள். வாட்ஸ்அப் வேலை செய்யாது, வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சாப்பாடு? எல்லாவற்றிலும் ஆட்டிறைச்சி. புலாவிலிருந்து கறியைப் பொறுக்கிப்போட்டுத் தருவதையே சைவம் என்பார்கள்! தந்தூர் ரொட்டி, தக்காளி வெள்ளரி, தயிர், அருமையான முலாம்பழம், இவற்றோடு ஒரு பாட்டில் தக்காளித் தொக்கும் இருந்தால் ஐந்து நாள் ஓடிவிடும்.