பத்தியச் சாப்பாட்டால கைக்குழந்தைக்கு நுரையீரல் பிரஷர் வருமா?

கேட்டவங்க எழுதினது சுருக்கமா இதுதான்: ரெண்டரை மாசக் குழந்தை, தாய்ப்பால் மட்டும்தான், நல்லா இருந்த புள்ள திடீர்னு மூச்சு வாங்கி பால் குடிக்காம போயி பெங்களூருல ஐசியூல சேர்த்தாங்க, இதயத்தைப் பார்க்கிற எக்கோ ஸ்கேன்ல பல்மனரி ஹைப்பர்டென்ஷன்னு வந்துச்சு, தயமின்ங்கிற விட்டமின் பி1 ஊசி போட்டதும் தேறிடுச்சு. இப்ப புருஷன் வீட்ல "உங்க அம்மா போட்ட பத்தியம்தான் காரணம்"னு ஒரே பேச்சு. அது நிஜமா, ஒரு விட்டமின் ஊசில எப்படி இது சரியாகும், டாக்டர் எதையாவது மறைக்கிறாங்களா?

நான் இங்க குழந்தைங்க ஐசியூல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன், ஊரு ஆரணி பக்கம். உங்க குழந்தையை நான் பார்க்கலை, ஆனா இதே கதையோட வர்ற குழந்தைங்களைப் பார்த்திருக்கேன், அதை வச்சு சொல்றேன். டாக்டர் எதையும் மறைக்கலைம்மா. நிஜமாவே விட்டமின் பி1 குறைஞ்சு இந்த நோய் வரும், அந்த விட்டமினைக் கொடுத்தா போயிடும். காஷ்மீர், அஸ்ஸாம், ஹைதராபாத்னு பல இடத்துல இருந்து டாக்டருங்க இதைப் பத்தி எழுதியிருக்காங்க.

மொதல்ல அந்தப் பேரு. கைல பட்டி கட்டிப் பார்க்கிற பிபிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இதயத்தோட வலது பக்கத்துல இருந்து நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாய்ல இருக்கிற பிரஷர் இது, சராசரி 20க்கு மேல போனா அதிகம்னு இப்ப கணக்கு, 2018க்கு முன்னாடி 25னு வச்சிருந்தாங்க. அந்தக் குழாய்ங்க சுருங்கிப்போனா வலது பக்கம் முக்கி முக்கி தள்ளணும், அது வீங்கி இடது பக்கத்தையே நசுக்கும், எக்கோ பண்ணும்போது அது ஸ்க்ரீன்ல நல்லாவே தெரியும். எக்கோல வர்ற நம்பர் ஒரு கணக்குப் போட்டு வர்ற மதிப்புதான், துல்லியமா வேணும்னா ரத்தக்குழாய் வழியா கேத்தீட்டர்ங்கிற மெல்லிய ட்யூபை விட்டுத்தான் பார்க்கணும், உங்க குழந்தை மாதிரி டக்குனு தேறினவங்களுக்கு அதெல்லாம் பெரும்பாலும் தேவைப்படாது.

இந்த பி1 கேஸுங்க எப்படி வரும்னா, ரெண்டு மாசத்துல இருந்து நாலு மாசத்துக்குள்ள, கொழுகொழுன்னு இருக்கிற புள்ளைங்கதான், எடை குறைஞ்ச நோஞ்சான் குழந்தையா இருக்கணும்னு இல்ல. முந்தின நாள் வாந்தி, நைநைனு அழுகை, வீட்ல மாந்தம்னு நினைச்சு வசம்பு கொடுத்திருப்பாங்க. வரும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் முனகும், கைகால் சில்லுனு இருக்கும், டாக்டர் வலது விலாவுக்குக் கீழ அமுக்கினா கல்லீரல் வீங்கி கைக்குத் தட்டும். சில குழந்தைங்களுக்கு குரல் கம்மிப்போயிருக்கும், வாயைத் தொறந்து முகம் செவக்க அழுவுது ஆனா சத்தம் வராது. இதைப் பார்த்ததும் எங்க சீனியர் சிஸ்டர் தயமின் ஆம்பூலை எடுத்து ட்ரேல வச்சிடுவாங்க, டாக்டர் ஆர்டர் எழுதட்டும்னு.

ரத்தத்துல லாக்டேட் ஏறிக் கிடக்கும். நாம சாப்பிடற மாவுச்சத்தை உடம்பு முழுசா எரிக்கிறதுக்கு பி1 வேணும், அது இல்லைனா பாதி வழியில நின்னு லாக்டிக் ஆசிடா தேங்கும், அதைத்தான் லாக்டேட்னு அளக்கிறாங்க, ரத்தம் புளிச்சுப்போகும், ரத்தம் அப்படி ஆனாலே நுரையீரல் குழாய் இறுகும். அதனாலதான் வெறும் குளுக்கோஸ் ட்ரிப் மட்டும் ஏத்தினா சில குழந்தைங்க இன்னும் மோசமாவாங்க. தயமின் போட்டா சில மணி நேரத்துல முனகல் அடங்கும், லாக்டேட் இறங்கும், ஒண்ணு ரெண்டு நாள்ல ஆக்ஸிஜனை எடுத்துடலாம். வெலையும் ரொம்பக் கம்மி. ரத்தத்துல பி1 அளவு பார்க்கிற டெஸ்ட் எல்லா இடத்துலயும் கிடையாது, கிடைச்சாலும் ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது, அதனால சந்தேகம் வந்தா போட்டுப் பார்க்கிறதுதான் முறை, குழந்தை தேறினதே ரிசல்ட் மாதிரி. "டெஸ்டே பண்ணாம ஊசி போட்டாங்க"னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க.

இப்ப உங்க அம்மா விஷயம். பி1 உடம்புல ரொம்ப நாள் தங்காது, ரெண்டு மூணு வாரத்துக்குத்தான் இருப்பு. தாய்ப்பால்ல எவ்வளவு பி1 வரும்ங்கிறது பால் கொடுக்கிறவங்க அப்பப்ப என்ன சாப்பிடறாங்கங்கிறதைப் பொறுத்தது. பச்சை உடம்புக்காரின்னு பருப்பு வேணாம் வாயு, காய் வேணாம் சீதளம், வெறும் சாதமும் மிளகு ரசமும் சுட்ட அப்பளமும்னு மாசக்கணக்கா போனா பால் நிறைய ஊறும், புள்ளையும் நல்லா எடை போடும், பி1 மட்டும் இருக்காது. இங்க கன்னடக்காரங்க வீட்லயும் பாணந்தி சாப்பாடுனு இதே கதைதான்.

ஆனா உங்க அம்மா மேல மட்டும் பழி போடறது நியாயமே இல்லைங்க. பாதி வேலையைச் செய்யறது அரிசி. நம்ம ஊர்ல காலங்காலமா சாப்பாட்டுக்குப் புழுங்கல் அரிசி. நெல்லை உமியோட ஊறவச்சு அவிக்கும்போது தவிட்டுல இருக்கிற பி1 அரிசிக்குள்ள இறங்கிடும், அப்புறம் தீட்டினாலும் கொஞ்சம் மிஞ்சும். தீட்டின பச்சரிசில 100 கிராமுக்கு 0.05 மில்லிகிராம் சுமாருக்குத்தான் இருக்கும், புழுங்கல்ல அதைவிட மூணு மடங்கு. பழைய மெட்ராஸ் மாகாணத்துலயே பச்சரிசி சாப்பிட்ட வடக்கு ஆந்திரக் கடலோர ஜில்லாக்கள்ல பெரிபெரி நோய் இருந்துச்சு, புழுங்கல் சாப்பிட்ட தமிழ் ஜில்லாக்கள்ல அந்த அளவுக்கு இல்ல. பெரிபெரிங்கிறது இதே பி1 குறைபாடுதான். உங்க அம்மா ஊர்ல செஞ்ச அதே பத்தியத்தைத்தான் இங்கயும் செஞ்சிருப்பாங்க, ஆனா இங்க வீட்ல இருந்தது சோனா மசூரியா இருக்கும், மூட்டைல ஸ்டீம்னு போட்டிருந்தாலும் அதைப் புழுங்கல்னு நினைச்சுக்காதீங்க. அதை நாலு தடவை களைஞ்சு, கஞ்சியையும் வடிச்சுக் கொட்டினா மிச்சம் என்ன இருக்கும்? அரிசி வாங்கிப் போட்டது யாருன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க.

பத்தியத்தையே திட்டறவங்களையும் எனக்குப் பிடிக்காது. பூண்டுக் குழம்பு, கருவாடு, சுறாப்புட்டுனு நல்லா சாப்பிட வைக்கிற பத்தியமும் இருக்கு. பருப்பு, பயறு, நிலக்கடலை, ராகி, முட்டை, மீன் இதுங்களை நிறுத்தாத வரைக்கும் ஒண்ணும் இல்ல.

முக்கியமா, தாய்ப்பாலை நிறுத்திடாதீங்க, "பாலு ஆகலை"னு யாரு சொன்னாலும். குழந்தைக்கு எழுதிக் கொடுத்த தயமினை சொன்ன நாள் வரைக்கும் கொடுங்க, உங்களுக்கும் மாத்திரை எழுதினாங்களான்னு டிஸ்சார்ஜ் சம்மரில பாருங்க, இல்லைனா கேட்டு வாங்குங்க. பாதத்துல மரத்துப்போற மாதிரி, எறும்பு ஊர்ற மாதிரி இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. உங்களுக்கே பி1 கம்மியா இருக்குங்கிறதுக்கு அது அறிகுறியா இருக்கலாம், பிரசவ அசதின்னு விட்டுடுவாங்க.

இதைப் படிக்கிற மத்த பெற்றோருக்கு ஒண்ணு. உங்க குழந்தைக்கும் பல்மனரி ஹைப்பர்டென்ஷன்னா அதுவும் பி1 தான்னு முடிவு பண்ணிடாதீங்க. இதயத்துல ஓட்டை, பிறந்ததும் மூட வேண்டிய டக்டஸ்ங்கிற ரத்தக்குழாய் மூடாதது, குறைமாசத்துல பிறந்து நுரையீரல் சரியா வளராதது, டவுன் சிண்ட்ரோம், பரம்பரையா வர்ற ஜீன் கோளாறுனு காரணம் நிறைய. பிறந்த உடனே வர்றது வேற, கர்ப்பத்துல சுருங்கியிருந்த குழாய் மொதல் மூச்சுக்கப்புறம் விரியாம அப்படியே நிக்கிறது அது. ஓட்டைன்னா சீக்கிரம் மூடினா பிரஷர் இறங்க வாய்ப்பு அதிகம், வருஷக்கணக்கா தள்ளிப் போட்டா குழாயே தடிச்சு அப்புறம் மூடவும் முடியாத நிலைக்கு வந்துடும். சிலருக்கு சில்டெனாஃபில் எழுதுவாங்க, மெடிக்கல் ஷாப்ல "இது வயாகரா மருந்தாச்சே"னு ஒரு பார்வை பார்ப்பாங்க, கண்டுக்காதீங்க, அதே மருந்துதான், நுரையீரல் குழாயைத் தளர்த்தும், 2005ல இருந்தே இந்த நோய்க்கு அனுமதி இருக்கு. டாக்டரைக் கேக்காம நீங்களா நிறுத்தினா பிரஷர் திரும்ப எகிறும்.

உங்க குழந்தைக்கு இனி ஃபாலோ அப் எக்கோ மட்டும் விட்டுடாதீங்க, நல்லாத்தானே இருக்கான்னு நிறைய பேர் வர்றதே இல்ல. அதுல பிரஷர் முழுசா இறங்கலைனா வேற காரணம் தேட வேண்டியிருக்கும். அடுத்த பிரசவம்னா கர்ப்பத்துலயே இந்தக் கதையை டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, உங்க தங்கச்சி, நாத்தனார் யாராவது உண்டாகியிருந்தா அவங்களுக்கும் அரிசி விஷயத்தைச் சொல்லிடுங்க.