கேளுங்கள், சொல்கிறேன்: கான்ஃபெட்டியா, மிட்டாயா?

கேள்வி: மகளின் திருமண வரவேற்பில் வண்ணக் காகிதத் துகள் தூவ ஆசை. இத்தாலியில் படிக்கும் தம்பி மகனிடம் கான்ஃபெட்டி வாங்கி வரச் சொன்னோம். ஒரு பை நிறைய வெள்ளை மிட்டாயோடு வந்து நிற்கிறான். விளையாடுகிறானா?
- ஒரு தாய், குன்னூர்.

பதில்: பிள்ளையைத் திட்டாதீர்கள், அம்மா. கேட்டதைத்தான் வாங்கி வந்திருக்கிறான். இத்தாலியில் கான்ஃபெட்டி என்றால் சர்க்கரைப் பூச்சு போட்ட பாதாம். கல்யாணத்துக்கு வெள்ளை, பட்டம் வாங்கினால் சிவப்பு. சுல்மோனா என்ற ஊர் இதற்குப் பேர்போனது.

காகிதத் துகளுக்கு அங்கே கொரியாந்தொலி என்று பெயர். முன்பு திருவிழா ஊர்வலங்களில் சர்க்கரை பூசிய கொத்தமல்லி விதையை, அதாவது நம் சீரக மிட்டாயின் அண்ணனை, ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். அப்புறம் மலிவாக இருக்கட்டும் என்று சுண்ண உருண்டைகள் வந்தன. கண்ணில் பட்டால் என்ன கதி! காகிதம் வந்தது 1875 வாக்கில், மிலான் பக்கம். பட்டுப்புழுத் தட்டில் விரிப்பதற்காகக் காகிதத்தில் துளையிடுவார்கள். அப்போது உதிர்ந்த வட்டங்களை அள்ளி விற்றவர் என்ரிக்கோ மாஞ்சிலி என்று சொல்வார்கள். அச்சகத்திலேயே காலம் தள்ளியவன் நான். பில் புத்தகத்துக்குத் துளை போடும்போது மேஜைக்கடியில் சேரும் பொட்டுகளை நாங்கள் குப்பையில்தான் கொட்டினோம்.

வரவேற்புக்கு வருவோம். குழாயைத் திருகினால் வெடித்துப் பறக்கும் பளபளப்புத் துகள்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக். குன்னூரில் குப்பைத்தொட்டியைக் காட்டெருமையும் கரடியும் கிளறுவது உங்களுக்குத் தெரியாததா? அது வேண்டவே வேண்டாம். சாயக் காகிதமும் நம் மலைக்குச் சரிப்படாது. மண்டபத்துக்குள் மூடுபனி புகுந்தால் நமத்துப்போய்ச் சாயம் விட்டுவிடும். ஒரு வரவேற்பில் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டைத் தோளில் ஊதாப் பொட்டுகள் ஒட்டிக்கொண்டன. மைத்துனர் கைக்குட்டையால் துடைக்கத் துடைக்க உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. புகைப்படக்காரர் அவரைக் கடைசிவரை ஒரே பக்கமாகத் திருப்பி நிறுத்தியே படம் எடுத்தார்.

ரோஜா இதழ் போதும். உதிர்த்து, முறத்தில் பரப்பி ஈரம் போக ஆறவிட்டுத் தூவுங்கள். வந்த பாதாமைத் தாம்பூலப் பையில் ஐந்தைந்தாகப் போடுங்கள். இத்தாலியிலும் ஐந்துதான் கணக்கு. சின்னக் குழந்தைகள் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். முழுப் பாதாம், தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.