இங்கிலாந்தில் உள்ள வின்செஸ்டரை ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாமா? கதீட்ரலுக்குள் டிக்கெட் எடுத்துப் போவது அவசியமா?

முடிக்கலாம். என் அத்தை மகன் குடும்பம் போன வருடம் நாற்பது நிமிடத்திலேயே முடித்துக் காட்டியது. ஆல்ஃபிரட் அரசர் சிலைக்குக் கீழே ஒரு போட்டோ, கதீட்ரல் வாசலில் ஒரு போட்டோ, "உள்ளே போக டிக்கெட்டா? எல்லா சர்ச்சும் உள்ளே ஒரே மாதிரிதான்டா" என்று ஒரு வசனம், அப்புறம் ஹை ஸ்ட்ரீட்டில் காப்பி. வண்டி ஓட்டியவன் நான், பார்க்கிங் காசு கொடுத்தவனும் நான். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

உங்கள் நிலைமையும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பிள்ளையைப் பார்க்க வந்திருப்பீர்கள், ஸ்டோன்ஹெஞ்ச் போகிற நாளில் இந்த ஊரையும் இடையில் செருகலாமா என்று பார்க்கிறீர்கள். தயவுசெய்து செருகாதீர்கள். லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். ஒரு முழு நாளைக் கொடுங்கள்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வழிகாட்டியும் இல்லை, வரலாறு படித்தவனும் இல்லை. பக்கத்தில் சவுத்தாம்ப்டனில் பதினோரு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன், அவ்வளவுதான். "நம்மூர்க் கோயிலை விட்டுவிட்டு வெள்ளைக்காரன் சர்ச்சைப் புகழ வந்துவிட்டான்" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: தஞ்சைப் பெரிய கோயில் 1010இலேயே முடிந்துவிட்டது, வின்செஸ்டரில் கட்ட ஆரம்பித்ததே 1079இல்தான். இதை எனக்குச் சொன்னவர் என் அப்பா. அதுவும் அந்தக் கதீட்ரலுக்குள் நின்றுகொண்டு, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். ஆகவே அந்தச் சண்டை அங்கேயே தீர்ந்துவிட்டது.

அப்பா பொதுப்பணித்துறையில் ஏ.இ.யாக, அதாவது உதவிப் பொறியாளராகச் சேர்ந்து அணைக்கட்டு, மதகு, பாலம் என்றே காலம் கழித்து ஓய்வு பெற்றவர். எந்தக் கட்டடத்துக்குக் கூட்டிப் போனாலும் எல்லோரும் மேலே பார்ப்பார்கள், அவர் கீழே பார்ப்பார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிப்ரவரியில் வந்திருந்தார். குரங்குக் குல்லாய், என் பழைய ஜாக்கெட், பையில் அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதம். ஐரோப்பாவிலேயே மிக நீளமான கதீட்ரல்களில் ஒன்று, சுமார் 170 மீட்டர் என்று நான் ஆரம்பித்தேன். "ம்" என்றார். கூரையைக் காட்டினேன். அதற்கும் "ம்".

நிலவறைக்குப் படி இறங்கினோம். மழைக்காலத்தில் அங்கே ஓர் எல்லைக்கு மேல் போக முடியாது, மேடையில் நின்றபடி எட்டிப் பார்க்க வேண்டியதுதான். கருங்குகை மாதிரி வளைவுகள், தரை முழுக்கத் தண்ணீர். அலையே இல்லாத அந்தத் தண்ணீரில் ஓர் ஆள் தனியாக நின்றுகொண்டு, குவித்த கைகளை நெஞ்சுக்கு நேரே ஏந்தி அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஆண்டனி கோர்ம்லி என்ற சிற்பி செய்த சிலை அது. என் அத்தை மகன் பார்க்காமல் போனது இதைத்தான்.

அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "என்னடா, சாமிக்குக் கீழே குளத்தை விட்டு வச்சிருக்கான்? தண்ணி மட்டம் இவ்வளவு மேல இருந்தா மேல உள்ளது எப்படி நிக்குது?"

நிற்காமல் விழத்தான் பார்த்தது. ஊரே இட்சன் ஆற்றின் ஈரப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கதீட்ரலைக் கிழக்கே நீட்டியபோது, கீழே கெட்டி மண்ணே கிடைக்கவில்லை. நாணலும் புல்லும் மக்கி உண்டான கறுப்புச் சேறுதான். அதன்மேல் பீச் மரக்கட்டைகளைத் தெப்பம் மாதிரி அடுக்கி, சுவரை எழுப்பிவிட்டார்கள். எழுநூறு வருடம் அந்தத் தெப்பம் தாங்கியது. 1900களின் தொடக்கத்தில் சுவர்கள் சாய்ந்து கை நுழைகிற அளவுக்கு விரிசல் விட்டன. கிழக்குக் கோடியில் போய் நின்று பாருங்கள், இன்றும் அந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியும். அப்பா கட்டைவிரலைத் தூக்குநூல் மாதிரி நீட்டி, ஒரு கண்ணை மூடி அளந்தார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சுவருக்குக் கீழே குழி தோண்டிப் புதிதாகக் கடைக்கால் போடலாம் என்றால், தோண்டத் தோண்டத் தண்ணீர் நிரம்பியது. பம்பு வைத்து இறைத்தால் தண்ணீரோடு மண்ணும் வந்துவிடும், சுவர் மொத்தமாக இறங்கிவிடும். "ஆமாமா, இறைக்கவே கூடாது" என்றார் அப்பா, நூறு வருடத்துக்கு முன்னால் நடந்ததைத் தடுக்கப் போகிறவர் மாதிரி.

அதனால் நீர்மூழ்கி வேலைக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பெயர் வில்லியம் வாக்கர். 1906 முதல் 1911 வரை, தினமும் ஆறு மணி நேரம் வரை, ஆறு மீட்டர் ஆழம் வரைக்கும் இறங்கி, அந்தக் கலங்கலில் கை தெரியாத இருட்டில் தடவித் தடவி, கான்கிரீட் மூட்டைகளை அடுக்கித் தரையை மூடினார். 25,000க்கு மேற்பட்ட மூட்டைகள். அடி மூடியதும்தான் தண்ணீரை இறைத்துவிட்டுக் கொத்தனார்கள் இறங்க முடிந்தது. மொத்தம் 9 லட்சம் செங்கல். அவர் போட்டிருந்த உடை ஏறக்குறைய 90 கிலோ. அதைக் கழற்றி மாட்டவே நேரம் போய்விடும் என்பதால் இடைவேளையில் தலைக்கவசத்தை மட்டும் எடுத்துவிட்டு, அப்படியே உட்கார்ந்து சாப்பிட்டு பைப் பிடிப்பாராம்.

இந்தக் கதையை எங்களுக்குச் சொன்னது அங்கே தொண்டு செய்கிற ஒரு பாட்டி. கிழக்குக் கோடியில் வாக்கருக்கு ஒரு சின்னச் சிலை இருக்கிறது, அதைக் காட்டி இன்னொன்றும் சொன்னார். முதலில் வைத்த சிலையில் முகம் மாறிப்போய்விட்டதாம். போட்டோவில் ஆளைத் தவறாக எடுத்துக்கொண்டு, மேலே நின்று திட்டம் போட்ட பொறியாளர் பிரான்சிஸ் ஃபாக்ஸின் முகத்தைச் செதுக்கிவிட்டார்கள். முங்கி எழுந்தவர் வாக்கர், நீர்மூழ்கி உடையில் நின்றது பொறியாளர். 2001இல்தான் சரியான முகத்தோடு வேறு சிலை வைத்தார்கள். வாக்கர் 1918இல் ஸ்பானிஷ் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நேராகப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எழுபதுகளில் ஓர் ஆற்றுப் பாலத்துக்கு அடித்தளமாகக் கிணறு இறக்கியபோது, அடியில் மரம் தட்டி நின்றுவிட்டதாம். முக்குளிக்கிற ஆள் ஒருவர் மூன்று நாள் இறங்கி இறங்கி அறுத்து எடுத்தார். "பாலத்துல கல்வெட்டு இருக்கு, போய்ப் பாரு. மந்திரி பேர் இருக்கு, கலெக்டர் பேர் இருக்கு, சீஃப் இன்ஜினியர் பேர் இருக்கு. என் பேரே இல்ல, அவன் பேர் எங்கேருந்து வரும்?" அந்த ஆளின் பெயர், ஊர், எத்தனை பிள்ளைகள் என்பது வரைக்கும் அப்பாவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இங்கே எழுதலாமா என்று போனில் கேட்டேன். அவர் வீட்டாரைக் கேட்காமல் எழுதாதே என்றுவிட்டார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நான் எட்டு மாதம் உட்கார்ந்து எழுதிய ஓர் அறிக்கை, அலுவலகம் மாறிய பிறகு வேறொருவர் பெயரில் மேடையேறியது. நன்றி சொன்ன ஸ்லைடில்கூட நான் இல்லை. "டீம் ஒர்க்" என்றார்கள். டீமில் மற்றவர்கள் பெயரெல்லாம் எழுத்துப் பிழை இல்லாமல் இருந்ததே, அது எப்படி? சரி, விடுங்கள். பெயர் சொல்லி யாரையும் இழுக்கப் போவதில்லை.

அதே கதீட்ரலில், வடக்குப் பக்க நடைபாதையில் ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் கல்லறை இருக்கிறது. 1817இல் வைத்தியத்துக்காக இந்த ஊருக்கு வந்து, நாற்பத்தொரு வயதில் இங்கேயே இறந்தவர். தரையில் உள்ள கல்லில் அவருடைய நல்ல குணம், பொறுமை, அறிவு எல்லாம் எழுதியிருக்கிறது. நாவல் எழுதினார் என்று மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அதைச் சொல்லும் பித்தளைத் தகட்டைப் பக்கத்துச் சுவரில் 1872இல்தான் பதித்தார்கள். தேடிப் போகிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். கல்லை மிதித்துக்கொண்டே தகட்டைப் படிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெளியே வரும்முன் மேற்குச் சன்னலை ஒரு நிமிடம் பாருங்கள். உருவம் எதுவும் புரியாது. 1642இல் இங்கிலாந்து உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்கள் அரசர்களின் எலும்புகளையே எடுத்து வீசிக் கண்ணாடியை உடைத்தார்கள் என்பது கதை. பின்னால் பொறுக்கியெடுத்த துண்டுகளை, எது எங்கே என்று பாராமல் அப்படியே ஒட்டிவிட்டார்கள். எனக்கு ஒழுங்கான சன்னல்களைவிட அதுதான் பிடிக்கும்.

மற்றவை வேகமாக. பழைய கோட்டையில் மிஞ்சிய கிரேட் ஹாலில், கதைகளில் வரும் ஆர்தர் அரசரின் வட்ட மேசை என்று ஒன்று சுவரில் தொங்கும். ஐந்தரை மீட்டர் அகலம், பார்க்கக் கம்பீரம்தான், ஆனால் மரம் 1200களின் கடைசியைச் சேர்ந்தது, வண்ணம் எட்டாம் ஹென்றி காலத்தில் பூசியது. ஆர்தருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிள்ளைகளிடம் உடனே சொல்லிவிடாதீர்கள். ஆற்றின் குறுக்கே நிற்கும் பழைய மாவு ஆலைக்கும் தலையைக் காட்டலாம். கடைகளுக்கு என்னிடம் கேட்காதீர்கள்.

மிச்ச நேரத்தை வைத்துக்கொண்டு ஆற்றோரமாகத் தெற்கே நடந்து செயின்ட் கிராஸ் போங்கள். ஒன்றரைக் கிலோமீட்டர்தான் இருக்கும், புல்வெளி, பாதை சமமாக இருக்கும், முட்டிவலிக்காரர்களும் நடக்கலாம். சுண்ணாம்புப் பாறையில் வடிந்து வருகிற தண்ணீர் என்பதால் இட்சனில் அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம். அப்பா ஒரு பாலத்தில் நின்று, டிரவுட் மீன் ஒன்று எதிர்நீரில் அசையாமல் நிற்பதைக் கால்மணி நேரம் பார்த்தார். அங்கேயே புளிசாதத்தைப் பிரித்தோம்.

செயின்ட் கிராஸ், 1130களில் ஹென்றி என்ற பிஷப் பதின்மூன்று ஏழைகளைக் குடிவைக்கத் தொடங்கிய அறச்சாலை. இன்றும் முதியவர்கள் அங்கே அங்கி போட்டுக்கொண்டு வாழ்கிறார்கள். வழிப்போக்கர் யார் வந்து கேட்டாலும் வாசல்காரர் ஒரு துண்டு ரொட்டியும், கொம்புக் குவளையில் ஒரு வாய் பீரும் தருவார். நூற்றாண்டுகளாக நடக்கும் வழக்கம். ஆனால் நீங்களாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் டிக்கெட்டைக் கொடுத்து உள்ளே அனுப்பிவிடுவார்கள்.

அப்பா கேட்க மாட்டேன் என்றார். "கையேந்தி வாங்கித் தின்ன எனக்கென்ன விதி?" ஊர்த் திருவிழா அன்னதானத்தில் முதல் பந்தியில் உட்காருகிறவர் அவர். அதைச் சொல்லிக் காட்டினேன், "அது சாமி பிரசாதம்டா" என்றார். கடைசியில் நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கேட்டேன். சர்க்கரைக் கட்டி அளவுக்கு ரொட்டி, சின்னக் குவளை. அப்பா ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டு குவளையை என் பக்கம் நகர்த்தினார். நான் என்னுடையதைக் குடித்துவிட்டு அவருடையதற்குக் கை நீட்டும்போது, "இரு, எப்படித்தான் இருக்குன்னு பாக்கறேன்" என்று வாங்கி ஒரே மடக்கில் முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ரொட்டி கொடுத்தார்கள் என்று மட்டும் சொன்னோம்.