அந்தப் பத்து நிமிடம்

வணக்கம் ஐயா,

மின்விநியோக நிறுவனம் ஒன்றில் நான்கு வருடமாகக் களப் பொறியாளராக இருக்கிறேன். அலைச்சல் போதும் என்று தோன்றுகிறது. எம்.பி.ஏ. முடித்து நிர்வாகப் பக்கம் போகலாமா? சோலார் பெருகும் காலத்தில் இந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டா? மேலே போனபின் லைன் வேலையெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்கிறார்கள் நண்பர்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எம்.பி.ஏ. உங்கள் விருப்பம். சோலாரை நினைத்துப் பயப்பட வேண்டாம். கூரைதோறும் உற்பத்தி நடந்தால் கம்பியில் மின்சாரம் இரண்டு பக்கமும் ஓடும், உங்களுக்கு வேலை கூடத்தான் செய்யும். ஆனால் அந்தக் கடைசி வரி என்னை உட்காரவிடவில்லை. நான்கு வருடம் கம்பத்தடியில் நின்றவர் எழுதுகிற வரியா இது?

எழுத வருவதற்கு முன் ஒரு விநியோக அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். அங்கிருந்த பொறுப்பாளர் புயல் இரவுகளில் வீட்டுக்குப் போகமாட்டார். "கரண்ட் எப்போ வரும்?" என்று யார் கேட்டாலும் அவரிடம்தான் கேட்க வேண்டும். ஒருமுறை மேலிடத்திலிருந்து ஒருவர், "இன்னும் என்ன செய்கிறார்கள்? கம்பத்தில் இருப்பவர் நம்பரைக் கொடுங்கள், நானே பேசுகிறேன்" என்று சத்தம் போட்டார். இவர், "எர்த் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் சார், முடிந்ததும் நான் கூப்பிடுகிறேன்" என்றார். நம்பரைக் கடைசிவரை தரவில்லை.

ஃபீடரை, அதாவது அந்தப் பகுதிக்கு மின்சாரம் கொண்டுவரும் லைனை நிறுத்தி, வேலை செய்யலாம் என்ற லைன் கிளியர் அனுமதியும் வாங்கியாயிற்று, அப்புறம் லைனைத் தரையோடு இணைக்கிற எர்த் ராடு எதற்கு என்று களம் தெரியாத நிர்வாகி கேட்பார். எங்கோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் போதும். அதன் 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பி ஏறும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கைவைக்கிற லைனில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். அப்படி வருவது ஆளைத் தாக்காமல் தரைக்கு இறங்கத்தான் வேலை நடக்கும் இடத்துக்கு இருபுறமும் எர்த். உங்களுக்கு இது தெரியும். தெரியாதவர் அந்த நாற்காலியில் இருந்தால் அவர் கண்ணுக்கு அது வெறும் தாமதம். போனை எடுப்பார், விரட்டுவார்.

விரட்டக் காரணமும் கையிலேயே இருக்கும். சைடி, அதாவது ஒரு நுகர்வோருக்கு வருடத்தில் சராசரியாக எத்தனை நிமிடம் மின்தடை என்ற கணக்கு. நிர்வாகிகளை அதை வைத்தும் எடை போடுகிறார்கள். 1,00,000 இணைப்புகள் உள்ள இடத்தில் எர்த் போடுவதற்காக 5,000 வீடுகளின் ஃபீடர் கூடுதலாக 10 நிமிடம் நின்றால் அந்தச் சராசரியில் ஏறுவது அரை நிமிடம். அரை நிமிடம், ஆர்! அதை மிச்சப்படுத்தச் சொல்லி ஒருவனை எர்த் இல்லாமல் ஏற்றுகிறார்கள். இதைச் சொல்லாத படிப்பு எத்தனை வருடம் படித்தும் என்ன?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நிர்வாகப் பக்கம் அவசியம் போங்கள். உங்களைப் போன்றவர் போகாவிட்டால் எர்த் ராடைத் தொட்டே பார்க்காத ஒருவர் வருவார். போனதும், பழுது நேரத்தில் கம்பத்தில் இருப்பவரைக் கட்டுப்பாட்டு அறையைத் தவிர யாரும் அழைக்கக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். உங்களையும் சேர்த்துத்தான்.