நெல்லைப் போலவே நிற்கும் புல்: மாறியது எது?

கேள்வி: சம்பா வயலில் குதிரைவாலிப் புல் நெல்லைப் போலவே பச்சையாக, நிமிர்ந்து வளர்கிறது. கதிர் தள்ளிய பிறகுதான் அடையாளம் தெரிகிறது. நெல்தான் புல்லாக மாறிவிட்டது என்கிறார் பெரியப்பா. பிஸ்பைரிபேக் களைக்கொல்லி அடித்தும் கொஞ்சம் சாகாமல் நிற்கிறது. இது புது இனமா?

பதில்: ஐயா, நெல் புல்லாகாது. ஆனால் ஏதோ மாறியிருக்கிறது என்று பெரியப்பா கண்டுகொண்டது சரிதான். மாறியது புல்.

முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இலை தண்டைப் பிரியும் இடத்தில் மெல்ல விலக்கிப் பாருங்கள். நெல்லுக்கு அங்கே நாக்கு மாதிரி வெள்ளைச் சவ்வும், இரு பக்கமும் மயிர் முளைத்த சின்னக் காது போன்ற கொக்கியும் இருக்கும். புல்லுக்கு இரண்டும் இல்லை, அந்த இடம் மொட்டையாக இருக்கும். அப்புறம் வரப்பில், வாய்க்கால் ஓரத்தில் நிற்கும் அதே புல்லைப் பிடுங்கிப் பாருங்கள். அது பெரும்பாலும் தரையோடு படர்ந்து, தூர் செந்நிறமாக இருக்கும். வயலுக்குள் இருப்பது மட்டும் ஏன் நிமிர்ந்து பச்சையாக இருக்கிறது? களையெடுக்கிற கையால்தான். படர்ந்ததும் சிவந்ததும் கண்ணில் பட்டு வெளியே போகும். நெல்லைப் போலத் தெரிவது தப்பி விதை போடும், அடுத்த போகத்தில் அதன் பிள்ளைகள் கூடும். யாரும் திட்டமிட்டு வளர்க்கவில்லை, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி மட்டும்தான் விட்டோம். சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் இந்தப் புல்லின் மரபணுக்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். நெல்லின் சாயல் சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் வந்தது என்று அதில் கணித்திருக்கிறார்கள்.

புது இனமா என்றால், இன்னும் இல்லை. வரப்புப் புல்லும் வயல் புல்லும் கலந்தால் விதை பிடிக்கும், அந்த விதை முளைத்து மறுபடி விதை கொடுக்கும். இப்படிக் கலந்து விதை பிடிப்பது நின்றுபோனால்தான் வேறு இனம் என்போம். குதிரைவாலித் தானியத்தையே பாருங்கள். நம் நாட்டுக் குதிரைவாலி வேறொரு களைப்புல்லிலிருந்து வந்தது. ஜப்பானில் பயிராவது உங்கள் வயல் களையின் வழி வந்தது. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், கலந்தால் பிறக்கிற செடி மலடு.

புது இனம் உருவாகக் குறுக்கு வழியும் உண்டு. நெல் வயலையே வீடாகக் கொண்ட இன்னொரு உறவுப் புல்லுக்கு 36 குரோமோசோம், அதாவது மரபணுக்களைத் தாங்கும் இழைகள். அது 18 குரோமோசோம் உள்ள வேறொரு புல்லோடு எப்போதோ கலந்து, கலப்புச் செடியின் குரோமோசோம் இரட்டித்து, 54 உள்ள உங்கள் களை உருவானது. கோதுமைக்கும் இதே கதைதான்.

மருந்து விஷயமும் பொறுக்கி விடுகிற கதைதான். பிஸ்பைரிபேக் புல்லின் ஒரு நொதியை மட்டும் முடக்குகிறது. ஏற்கெனவே மரபணு மாற்றத்தால் அந்த நொதி சற்றே வேறாக அமைந்த செடி ஒன்றிரண்டு இருந்தாலும் பிழைக்கும், பெருகும். மருந்து அதை மாற்றவில்லை, மற்றதை அழித்து அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் இலை நாலைத் தாண்டியபின் அடித்திருந்தால் சாதாரணப் புல்லும் தப்பும். அதனால் அடித்த நாளையும் புல்லின் அளவையும் நினைவுபடுத்திப் பாருங்கள். சரியான பருவத்தில் அடித்தும் ஒரே திட்டில் பச்சையும் செத்ததும் கலந்து நின்றால்தான் எதிர்ப்புத்திறன் என்று சந்தேகப்படலாம்.

அடுத்த போகத்துக்கு நடவுக்கு முன் தண்ணீர் கட்டி, களை முளைத்ததும் உழுது மடக்குங்கள். நட்டதும் பிரெட்டிலாக்குளோர் போல வேறு விதமாக வேலை செய்யும் மருந்தைப் போடுங்கள். பிஸ்பைரிபேக்கை ஒரு போகமாவது நிறுத்துங்கள். நாற்று முடியிலேயே புல் கலந்து வயலுக்குப் போகிறது, அங்கே இலைக் காதைப் பார்த்துப் பொறுக்குவது சுலபம். இப்போது நிற்கும் புல்லின் கதிரை விதை கொட்டுமுன் அறுத்து, சாக்கில் கட்டி, வயலுக்கு வெளியே எரித்துவிடுங்கள். வரப்பில் போட்டால் மழையோடு திரும்பி வரும்.