கிராஸ்பிக்கிங்: பிக் ஏன் மாட்டுகிறது?

கேள்வி: புளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற இசை வகை) கிட்டாரில் கிராஸ்பிக்கிங், அதாவது அடுத்தடுத்த கம்பிகளை ஒவ்வொன்றாக உருட்டி அடிப்பது, பழகுகிறேன். பிக்கை (கம்பியை மீட்டும் சிறு தகடு) கீழ்நோக்கி டவுன், மேல்நோக்கி அப் என்று மாற்றி மாற்றித்தான் அடிக்க வேண்டும் என்கிறார் ஆசிரியர். இன்னொருவர் டவுன்-டவுன்-அப் என்கிறார். எப்படி அடித்தாலும் கொஞ்சம் வேகம் கூட்டினால் பிக் கம்பியில் மாட்டிக்கொள்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரிதான், ஆனால் பழக ஆரம்பிக்கிறவருக்கு என் ஓட்டு டவுன்-டவுன்-அப்புக்குத்தான். ஸ்டான்லி பிரதர்ஸ் என்ற புளூகிராஸ் குழுவில் ஜார்ஜ் ஷஃப்லர் வாசித்த முறை அது. மெதுவான பாட்டில் கிட்டாரின் ஒரு சுரம் அடங்கி அடுத்தது வருவதற்குள் விழுகிற இடைவெளியை நிரப்பத்தான் அவர் மூன்று கம்பிகளில் இப்படி உருட்டினார். மாண்டலினில் ஜெஸ்ஸி மெக்ரெனால்ட்ஸ் இதே மாதிரி பேன்ஜோ உருட்டலைக் கொண்டுவந்தார், ஆனால் அவர் அடித்த வரிசை டவுன்-அப்-அப். ஆக, சட்டம் என்று ஒன்றும் கிடையாது.

உங்கள் பிக் ஏன் மாட்டுகிறது என்று பாருங்கள். சி கார்டை (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) இடது கையில் பிடித்துக்கொண்டு, மிக மெல்லிய கம்பியை 1 என்று எண்ணி, 4, 3, 2 என்று மூன்று கம்பிகளை டவுன், அப் என்று மாற்றி மாற்றி அடித்தால், 4-இல் டவுன் அடித்த பிக் 4-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கும், 3-இல் அப் அடிக்க அது 3-ஐத் தாண்டிப் போக வேண்டும், இப்படியே ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு தாண்டல். ஷஃப்லர் முறையில் முதல் இரண்டு டவுனும் ஒரே போக்கில் விழுந்துவிடும், தாண்டுவது அப்புக்கு ஒரு முறை, திரும்ப 4-க்கு வர ஒரு முறை, அவ்வளவுதான். மாற்றி அடிப்பதில் ஒரு லாபம் உண்டு: ஒவ்வொரு தாளத் தட்டும் டவுனில் விழும். அதனால் வேகமான மெட்டுகளுக்கு அதுதான் தோது, உங்கள் ஆசிரியர் சொல்வதும் அதற்காக இருக்கலாம்.

எண்ணிக்கைக்கு நமக்குக் கவலையே இல்லை, தகிட தகிட தக, மொத்தம் எட்டு சுரம். இரண்டு தகிடவுக்கும் டவுன்-டவுன்-அப், கடைசி தகவுக்கு 4-இல் டவுன், 2-இல் அப். ஒவ்வொரு 'த'விலும் லேசாக அழுத்தம் கொடுங்கள், மெட்டு அங்கேதான் இருக்கும், மற்ற கம்பிகள் பின்னால் முணுமுணுத்தால் போதும். பிக்கின் நுனி மட்டும் கம்பியில் படட்டும். ஆழமாக இறக்கினால் எந்த முறையிலும் மாட்டும். மெல்லிசான பிக் வளைந்து வளைந்து தாமதிக்கும், 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். அப்புறம் முக்கியமாக, இடது கை விரல்களை அடுத்த கார்டு வரும் வரை எடுக்காதீர்கள். விரல் எழுந்தால் சுரம் செத்துவிடும், பிறகு வலது கை எவ்வளவு சுத்தமாக உருட்டினாலும் கேட்பவருக்குக் கொத்துப் பரோட்டாதான்.

கேள்வி: இவ்வளவு பாடுபடுவதற்குப் பேசாமல் பேன்ஜோவே வாங்கிவிடலாமா?

பதில்: வாங்குங்கள், ஆனால் அதில் பாடு குறையும் என்று நினைக்காதீர்கள். அங்கே பெருவிரலோடு சேர்த்து மூன்று விரல்களிலும் பிக் மாட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே பழக்க வேண்டும்.