சீனியரிடம் முதல் பேச்சு சொதப்பிவிட்டதா? கேள்வி பதில்

ஓசூரில் வேலை பார்க்கும் எங்கள் கல்லூரி அண்ணனிடம் போனில் பேசினேன். எடுத்த எடுப்பிலேயே ரெஃபரல் கேட்டுவிட்டேன். "பார்க்கலாம்ப்பா" என்று வைத்துவிட்டார். எல்லாம் போச்சா?
(மெக்கானிக்கல் இறுதியாண்டு, சேலம்)

போகவில்லை. அவர் நிலையிலிருந்து பாருங்கள் தம்பி. ரெஃபரல் தருவதென்றால் கம்பெனியில் தன் பெயரைப் போட்டு உங்களைச் சிபாரிசு செய்ய வேண்டும். பல இடங்களில், ஆளை எப்படித் தெரியும், எதில் கெட்டிக்காரர் என்றும் கேட்பார்கள். உங்களைப் பற்றி அவருக்கு எதுவுமே தெரியாது, என்ன எழுதுவார்? அந்தத் தயக்கம்தான் "பார்க்கலாம்". அது கோபமில்லை.

இரண்டொரு நாளில் இப்படி ஒரு மெசேஜ் போடுங்கள்: "அண்ணா, அன்னைக்கு எடுத்ததுமே ரெஃபரல் கேட்டுட்டேன், தப்புதான். நீங்க டூல் டிசைன்ல இருக்கறதா சொன்னீங்க. சேர்ந்த புதுசுல எதைக் கத்துக்கிட்டது உங்களுக்குக் கை கொடுத்துச்சு? நேரம் கிடைக்கும்போது சொல்லுங்க."

மன்னிப்பு ஒரே வரிதான். பத்தி பத்தியாக எழுதினால் உங்களைச் சமாதானப்படுத்தும் வேலையும் அவர் தலையில் விழும். அவர் பதில் சொன்னால் அதைச் செய்து பார்த்துவிட்டு, செய்த டிராயிங்கை அனுப்புங்கள். சொன்னதைச் செய்கிற பையன் என்று தெரிந்த பிறகு, ரெஃபரல் பேச்சை அவரே எடுக்கவும் கூடும்.

பழைய மாணவர் சந்திப்பில் ஒரு அக்காவிடம் இங்கிலீஷில் ஆரம்பித்துப் பாதியில் திக்கி நின்றுவிட்டேன். என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்?
(கணினி அறிவியல், திருநெல்வேலி)

நீங்கள் பயப்படுவதைவிட நல்லபடியாகத்தான் நினைத்திருப்பார். உளவியல் ஆய்வாளர் எரிகா பூத்பி குழுவினர் 2018இல் 'சைக்கலாஜிக்கல் சயின்ஸ்' இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். புதியவர்களோடு பேசி முடித்தவர்கள், எதிரில் இருந்தவருக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே கணித்தார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக விடுதியில் சேர்ந்து தங்கிய முதலாண்டு மாணவர்களிடம்கூட இந்தத் தப்புக் கணக்கு பல மாதம் நீடித்தது.

அவரும் அதே கல்லூரியில் படித்தவர்தானே. அடுத்த முறை தமிழிலேயே தொடங்குங்கள் அம்மா, வேலை சம்பந்தமான வார்த்தைகள் இங்கிலீஷில் தானாக வந்து விழும். இன்டர்வியூவுக்கான இங்கிலீஷைத் தோழிகளோடு பேசிப் பழகிக்கொள்ளலாம்.

அண்ணா என்பதா, சார் என்பதா?
(திருச்சி)

ஐந்தாறு பேட்ச் வித்தியாசம் என்றால் அண்ணா, அக்கா. அதற்கு மேலே போனால் சார், மேடம். அவரே மாற்றச் சொன்னால் மாற்றிக்கொள்ளுங்கள்.

மெசேஜ் பார்த்துவிட்டார், பதில் இல்லை.
(கோவை)

பத்து நாள் விட்டு ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறொரு சீனியரைப் பாருங்கள். "பார்த்தீங்களா அண்ணா?" என்று தினமும் தட்டுவது வேண்டவே வேண்டாம்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பா போனை வாங்கி, "தம்பி, எப்படியாவது எங்க பையனுக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுங்க" என்று சொல்லிவிட்டார். கூச்சமாக இருக்கிறது.
(சிவில், விருதுநகர்)

இதற்குக் கூச்சமே வேண்டாம். இப்படிக் கேட்கும் அப்பாக்களை நம் ஊர் சீனியர்களுக்கு நன்றாகத் தெரியும், பலர் வீட்டிலும் இது நடந்ததுதான். அப்பாவை விட்டுக்கொடுத்து மட்டும் பேசிவிடாதீர்கள். "அப்பா கவலையில கேட்டுட்டாங்க அண்ணா. என் ரெஸ்யூமைப் பார்த்து எங்க குறையுதுன்னு மட்டும் சொன்னா போதும்" என்று எழுதி, ஒரு பக்க ரெஸ்யூமை பிடிஎஃப்பாக இணையுங்கள். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் துறையும் இருக்கட்டும்.